கலாசாலைப் பந்தாட்ட ஆசிரியரின் உத்தியோக வரலாறு

நம் சங்கத்து உத்திரமேரூர்க் கிளையின் சென்ற மாதக் கூட்டத்தில் நிகழ்ந்த ஒரு சிறு வாக்குவாதமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. கல்வி நிதியிலிருந்து பொருளுதவி வேண்டி வந்த மனுக்கள் அன்று படிக்கப்பட்டன. வைத்தியம், பொறியியல், கணக்குப் பரிசோதனை என்று வரிசையாக வந்தவற்றுக்கெல்லாம் தலையசைத்துக்கொண்டிருந்த சபையோர், ஒரு மனுவைக் கேட்டவுடன் நகைத்துவிட்டனர். அதனை எழுதிய இளைஞன் நம் பக்கத்துக் கிராமமொன்றைச் சேர்ந்தவன், காஞ்சிபுரத்தில் பி. ஏ. வகுப்பு முடித்தவன். தேகாப்பியாசக் கலையில் மேற்படிப்புப் படித்து, ஏதேனுமொரு கலாசாலையில் டென்னிஸ் பந்தாட்டம் பயிற்றும் ஆசிரியனாக வேண்டுமென்பது தன் விருப்பமென்று அவன் எழுதியிருந்தான்.

"பந்து பொறுக்கிப் போடுவதற்கும் பட்டம் வேண்டுமோ?" என்றார் முதியவர் ஒருவர். "டிரில் வாத்தியாருக்கு யார் பெண் கொடுப்பார்?" என்றார் மற்றொருவர். இளைஞன் பின் வரிசையில் தலைகுனிந்து இருந்தான். மனு அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது. இத்தொழிலின் வரலாறு யாது, அதனால் ஒருவன் கௌரவமாகப் பிழைத்தல் கூடுமோ என்பவற்றை ஆராய்ந்து நம் பத்திரிகையில் எழுதுமாறு காரியதரிசி என்னைப் பணித்தார். யான் டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டறியேன். சரித்திர பாடம் போதித்து ஓய்வு பெற்றவன். ஆதலின், ஆட்டத்தின் நுட்பத்தைவிட அவ்வுத்தியோகத்தின் வரலாறே என்னால் சொல்லத்தக்கது.

ஓர் உத்தியோகத்திற்கு யார் தகுதியுடையார் என்னும் கேள்வி நம் ஊருக்குப் புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், இவ்வூர்ச் சபையார் வெட்டுவித்த சாசனங்கள் இரண்டையும் நம்மில் அநேகர் கண்டிருப்பர். முப்பது குடும்புகளினின்றும் குடவோலை எடுத்து, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றுக்கு ஆள் தெரிந்த முறை அவற்றிற் கூறப்பட்டுள்ளது. கால் வேலிக்கு மேற்பட்ட இறை நிலமும், தன் மனையிற் கட்டிய வீடும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குட்பட்ட வயதும், மந்திர பிராமணக் கல்வியும் வேண்டுமென்று இரண்டாவது சாசனம் விதிக்கிறது. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் விலக்கப்பட்டனர். அது சதுர்வேதிமங்கலத்துச் சபை. நம் முன்னோருள் எத்தனை பேருடைய ஓலை அக்குடத்தில் விழத்தக்கதாயிருந்தது என்பது வேறு கேள்வி, அதனை இங்கே கிளறவில்லை. ஏரிக்கும் தோட்டத்துக்கும் பொன்னுக்கும் தனித்தனியே வாரியம் கண்ட அச்சபையார் விளையாட்டுக்கென்று ஒரு வாரியம் காணவில்லை என்பதை மட்டும் குறிக்கின்றேன். மல்லும் சிலம்பும் கற்பித்த வாத்தியார்கள் எக்காலத்தும் ஊர்களில் இருந்திருப்பர். ஆயினும் அவர்கட்குக் கலாசாலையில் ஓர் ஆசனம் கிடைத்தது மிகச் சமீப காலத்திலேதான்.

நிற்க. அந்த ஆசனம் நம் ராஜதானியில் இடப்பட்டது ஓர் அமெரிக்கரால். அவர் பெயர் ஹாரி குரோ பக். 1884-ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாகாணத்திற் பிறந்தவர். மாசசூசெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டில் ஒய். எம். சி. ஏ. சங்கத்தார் நடத்திய பயிற்சிக் கலாசாலையிற் கற்றவர். கூடைப்பந்தாட்டம் 1891-இல் தோன்றியது அக்கலாசாலையில்தான். நம் கிராமந்தோறும் மாலை வேளையில் வலை கட்டி ஆடப்படும் வாலிபாலும் 1895-இல் அம்மாகாணத்திலேயே, அச்சங்கத்தைச் சேர்ந்த ஒருவராலேயே அமைக்கப்பட்டது. இவ்விரண்டு ஆட்டங்களும் நம் நாட்டிற் பரவியதற்கு அச்சங்கத்தார் பெரிதும் காரணர்.

பக் துரை 1919-இல் சென்னை வந்து, மறுவருஷமே தேகாப்பியாச ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளியொன்றைத் தொடங்கினார். அடையாற்றின் கரையில், சைதாப்பேட்டையை அடுத்து நந்தனத்தில் இன்று விளங்கும் ஒய். எம். சி. ஏ. தேகாப்பியாசக் கலாசாலை அதுவே. இந்நாட்டில் இத்துறைக்கென எழுந்த முதற் கலாசாலை அது என்பர். அதற்கு முன் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் பட்டாளத்தினின்று விலகிய சிப்பாய் ஒருவர் நின்று இடம் வலம் திரும்பச் சொல்வதே பெரும்பாலும் வழக்கம்; டிரில் மாஸ்டர் என்ற பெயர் வந்த வழியும் அதுதான். நம் முதியவர் வாயில் அப்பெயர் இன்றும் இகழ்ச்சியாக வருகின்றதென்றால், அது நூறாண்டுக்கு முந்திய நிலைமையின் எதிரொலி. உடற்கூறும் உளநூலும் ஆட்டவிதிகளும் கற்றுத் தேர்ந்தவனே ஆசிரியனாகலாம் என்பது பக் துரையின் கொள்கை. 1924-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்து ஒலிம்பிக் பந்தயங்களுக்கு இந்தியா அனுப்பிய குழுவின் மானேஜராகச் சென்றவரும் அவரே. அவ்வருஷம் டென்னிஸ் ஆட்டமும் அப்பந்தயங்களில் இருந்தது. நம் நாட்டின் சார்பாக ஆடிய சிட்னி ஜேக்கப் கால் இறுதி வரை சென்றார். அதன்பின் 1988 வரையில் அவ்வாட்டம் ஒலிம்பிக்கில் பதக்கத்துக்குரிய ஆட்டமாக இல்லாதொழிந்தது. பக் துரை 1943-இல் காலமானார்.

அவர் கலாசாலையினின்று வெளிப்போந்தவர்கள் ராஜதானியெங்கும் பள்ளிகளிலும் கலாசாலைகளிலும் அமர்ந்தனர். பிஸிகல் டைரக்டர் என்ற பெயர் வழங்கலாயிற்று. தாம்பரத்துக்கு 1937-இல் குடிபெயர்ந்த கிறிஸ்தவக் கலாசாலை, 1925-இல் எழுந்த லயோலா, நம் காஞ்சியில் 1947-இல் தோன்றிய பச்சையப்பன் கலாசாலை என்று எதனை எடுத்துக்கொண்டாலும், விளையாட்டு மைதானமின்றிக் கலாசாலை இல்லை என்னும் எண்ணம் அக்காலத்தில் வேரூன்றிற்று.

ஆனால் வாசகர் இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இப்பதவி எல்லா ஆட்டத்துக்கும் பொதுவானது; டென்னிஸுக்கென்று தனியாசிரியர் நம் கலாசாலைகளில் மிக அரியர். இதற்குக் காரணம் அலட்சியம் என்று சொல்லுதல் எளிது. யான் அளவுகோலைக் கையிலெடுத்துப் பார்த்தேன். டென்னிஸ் களத்தின் நீளம் 78 அடி; அகலம், இருவர் ஆட்டத்துக்கு 27 அடி, நால்வர் ஆட்டத்துக்கு 36 அடி. ஓடி அடிக்கப் பின்னும் பக்கத்தும் விடவேண்டிய வெளியையும் சேர்த்தால் 120 அடிக்கு 60 அடி, அதாவது 7200 சதுர அடி நிலம் வேண்டும். நம் கணக்கில் மூன்று கிரவுண்டு. அதில் ஒரு சமயத்தில் ஆடக்கூடியவர் இருவர், மிஞ்சினால் நால்வர். வாலிபால் களமோ ஏறக்குறைய 60 அடிக்கு 30 அடி, ஆடுவோர் பன்னிருவர். ஐந்நூறு பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியராக இருப்பவர் எதற்குக் கோடு போடுவார்? போதாதற்கு, டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டவேண்டும். பந்து சீக்கிரத்தில் மயிருதிர்ந்து துள்ளல் குறைந்துவிடும். தரையை நாடோறும் நீர் தெளித்து உருளை உருட்டிச் செப்பஞ் செய்யவேண்டும். நம் நாட்டிற் பல இடங்களில் களிமண்ணிட்டுச் சாணத்தால் மெழுகி அக்களத்தைப் பேணினர். பிஸிகல் டைரக்டர் டென்னிஸை மாற்றாந்தாய்ப் பிள்ளைபோல் நடத்தினாரென்றால் குற்றம் அவர்மேலன்று.

அங்ஙனமாயின் டென்னிஸை இந்நாட்டார்க்குக் கற்பித்தவர் யாவர்? முதலாவதாக, சரித்திரத்தில் பெயர் நில்லாத ஒரு கூட்டத்தார். சென்னை கிரிக்கெட் கிளப் 1846-லும் ஜிம்கானா கிளப் 1884-லும் வெள்ளையர்க்கென ஏற்பட்டவை. இத்தகைய கிளப்புகளில் மார்க்கர் என்ற பெயருடன் சம்பளத்துக்கு அமர்ந்தவர்கள் இருந்தனர். அங்கத்தினருக்கு எதிர்நின்று பந்தடித்துப் பழக்குவதும், மட்டைகளைப் பேணுவதும், ஆள் குறைந்தபோது ஆட்டத்தை நிரப்புவதும் அவர் வேலை. பெரும்பாலும் ஏழைக் குடிகளிலிருந்து பந்து பொறுக்கும் பையனாக வந்து, பார்த்துப் பார்த்தே கற்றவர்கள். ஆட்டத்தில் அவர்களுக்கு நிகரானவர் அங்கத்தினருள் எத்தனை பேர் இருந்திருப்பரோ! ஆயினும் துரையை வெல்லலாகாது என்பதே மார்க்கர் கற்ற முதற்பாடமாயிருந்திருக்கும். அன்றியும், பணம் பெற்றுக் கற்பிப்பவன் தொழிலாட்டக்காரன். அவன் பந்தயங்களில் ஆடத்தக்கவனல்லன் என்பது அக்காலத்து உலக விதி. விம்பிள்டன் முதலிய பெரும் பந்தயங்கள் 1968-ஆம் ஆண்டில்தான் அவ்விலக்கை நீக்கின. வயிற்றுக்காகக் கற்பித்தவன் இழிந்தவன், பொழுதுபோக்காக ஆடியவன் உயர்ந்தவன் என்ற அவ்விதியைக் குலபேதத்தின் கொடுமை அறிந்த நாம் எளிதில் உணரக்கூடும். "பந்து பொறுக்கி" என்று நம் கூட்டத்தில் எழுந்த சொல்லின் வேரும் அங்கேதான் கிடக்கிறது.

இரண்டாவதாகக் கற்பித்தவர் வீட்டிலிருந்த தந்தையார். இதற்குப் பெரும் உதாரணம் ஸ்ரீ டி. கே. ராமநாதன். தாமே சிறந்த ஆட்டக்காரராயிருந்த அவர், தம் குமாரர் ராமநாதன் கிருஷ்ணனுக்கு ஆசானாக அமைந்தார். கிருஷ்ணன் 1937-இல் நாகர்கோயிலிற் பிறந்தவர். லயோலா கலாசாலையில் அதனை நிறுவிய பெர்ட்ரம் பாதிரியார் பெயரால் கலாசாலை மாணவர்க்கென ஒரு பந்தயம் நடைபெற்று வந்தது. பள்ளிச் சிறுவனாயிருந்த கிருஷ்ணன் அக்கலாசாலைத் தலைவரிடம் விசேஷ அனுமதி பெற்று அதில் ஆடி, 1951-இல் தம்மினும் மூத்த மாணவர் அனைவரையும் வென்றார். 1954-இல் விம்பிள்டன் சிறுவர் பந்தயத்தில் ஆஸ்திரேலியரான ஆஷ்லி கூப்பரை வென்று பட்டம் பெற்றார். ஆசியாக் கண்டத்தார் ஒருவர் அதனைப் பெற்றது அதுவே முதன்முறை. 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டனில் அரையிறுதி வரை சென்றார். 1966-இல் டேவிஸ் கோப்பையின் இறுதிப் போட்டிக்கு இந்தியா முதன்முறையாகச் சென்றதற்கும் அவரே முக்கிய காரணர்; கல்கத்தாவில் பிரேசில் நாட்டுத் தாமஸ் காக்கிடம் முதல் மூன்று ஆட்டத் தொகுதிகளில் இரண்டை இழந்து, நான்காவதிலும் இரண்டுக்கு ஐந்து என்று பின்தங்கி நின்றவர் மீண்டு வென்ற கதையை அக்காலத்தவர் இன்றும் சொல்வர். அவர் குமாரர் ரமேஷ் கிருஷ்ணனுக்கும் குடும்பமே முதற் பள்ளியாயிற்று. ரமேஷ் 1979-இல் அதே விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். தந்தையும் மகனும் ஒரே பட்டத்தை இருபத்தைந்தாண்டு இடைவெளியிற் பெற்ற செய்தி உலகெங்கும் பேசப்பட்டது.

இவ்வரலாற்றில் கலாசாலையின் பங்கு யாது? லயோலா களத்தையும் பந்தயத்தையும் அனுமதியையும் அளித்தது; அது சிறிய உதவியன்று. ஆனால் பந்தை எப்படிச் சந்திப்பது, காலை எங்கே வைப்பது என்று நாடோறும் நின்று சொல்லிக்கொடுத்த ஆசான் கலாசாலையின் சம்பளப் பட்டியலில் இல்லை. 1985-இல் சென்னையில் அமிர்தராஜ் சகோதரர் பெயரால், பிரிட்டானியா கம்பெனியின் பொருளுதவியுடன் ஏற்பட்ட பயிற்சித் திட்டமும் கலாசாலைக்குப் புறம்பானதே. அதிற் பயின்ற லியாண்டர் பயஸ் 1990-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தையும் 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கத்தையும் பெற்றார். தந்தைக்கு ஆட்டம் தெரியாத வீட்டுப் பிள்ளை, பட்டணத்தில் வாழ வழியில்லாத பிள்ளை, ஆசானை எங்கே தேடுவான்? உத்திரமேரூர்ப் பிள்ளைக்கு இக்கேள்விதான் முக்கியமானது.

அமெரிக்காவில் இதற்கு வேறு விடை கண்டனர். அங்கே ஒவ்வொரு பெரிய கலாசாலையும் டென்னிஸுக்கென்றே ஓர் ஆசிரியரை நியமித்துக்கொள்கிறது. கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் டிக் கூல்டு என்பவர் 1966 முதல் 2004 வரை அவ்வுத்தியோகத்திலிருந்து, கலாசாலைகளுக்கிடையே நடைபெறும் தேசியப் போட்டியில் 17 முறை தம் குழுவை வெற்றிபெறச் செய்தார். 1973-இல் முதல் வெற்றியைக் காண அவருக்கு ஏழு வருஷம் பிடித்தது. அவ்வேழு வருஷமும் பொறுத்திருந்த நிர்வாகத்தாரையும் பாராட்டவேண்டும். உலகப் புகழ் பெற்ற ஜான் மெக்கென்ரோ அவரிடம் ஒரு வருஷம் இருந்தவரே. அந்நாட்டில் அவ்வாசிரியரின் வேலை பந்து போடுவதோடு முடிவதில்லை. எந்தப் பிள்ளைக்கு உபகாரச் சம்பளம் கொடுத்து அழைப்பது என்று ஊரூராய்ச் சென்று தெரிவது, தனியாட்டத்துக்கு அறுவரை வலிமை வரிசையில் நிறுத்துவது, இரட்டையாட்டத்துக்கு மூன்று ஜோடிகளைச் சேர்ப்பது, பிள்ளைகள் பரீட்சையில் தவறாமற் பார்த்துக்கொள்வது, நன்கொடையாளரைக் கண்டு பேசுவது ஆகிய எல்லாம் அவர் பொறுப்பு.

இதன் பலனை நம் சென்னையும் ஒருவாறு கண்டது. சென்னையிற் படித்து ஆடிப் பழகிய சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா சர்வகலாசாலைக்குச் சென்று, பிரயன் போலண்டு என்ற ஆசிரியரிடம் பயின்று, 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்கக் கலாசாலை மாணவருள் தனியாட்டத்தில் முதல்வரானார்; 2010-இல் ஆசிய விளையாட்டுப் பந்தயத்திற் பொற்பதக்கம் பெற்றார். நம் பிள்ளைக்குக் கலாசாலையில் ஆசான் வேண்டுமாயின் கடல் கடக்கவேண்டியிருந்தது என்பதை எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் ஒருங்கே உண்டாகின்றன. நம் கலாசாலைகளில் நாற்காலியும் மேசையும் வாங்கப் பணம் உண்டு. ஓர் ஆட்டத்துக்கு ஓர் ஆசிரியர் என்றால் மட்டும் பணமில்லை.

இனி, மனுதாரரின் காரியத்துக்கு வருவோம். டென்னிஸ் ஆசிரியர் என்ற தனிப் பெயருடன் நம் நாட்டுக் கலாசாலையில் உத்தியோகம் கிடைக்கும் என்று நம்பி ஒருவன் புறப்படுவானாயின், அவனை எச்சரிப்பது நம் கடமை. மேற்கூறிய வரலாறு அதற்கு இடந்தரவில்லை. ஆனால் கலாசாலைத் தேகாப்பியாச இயக்குநர் பதவி மெய்யான பதவி. டிரில் மாஸ்டர் காலம் எப்போதோ கழிந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி அப்பதவிக்குத் தேகாப்பியாசத் துறையில் முதுகலைப் பட்டமும், அதில் நூற்றுக்கு 55 மதிப்பெண்ணும், தேசியத் தகுதித் தேர்வு முதலிய தகுதிகளும், பல்கலைக்கழகங்களுக்கோ கலாசாலைகளுக்கோ இடையிலான போட்டிகளிற் கலந்துகொண்ட சான்றும் வேண்டும். ஊதியம் உதவிப் பேராசிரியருக்குள்ள படியே. அதுவுமன்றி, முப்பது வயதுக்குட்பட்ட ஆடவர் பன்னிரண்டு நிமிஷத்தில் 1800 மீட்டர் ஓடிக் காட்டவேண்டுமாம்! பராந்தகன் காலத்துச் சபையார் ஏரி வாரியத்துக்கு இப்பரீட்சை வைத்திருந்தால் எத்தனை ஓலைகள் குடத்தில் மிஞ்சியிருக்கும் என்று எண்ணி யான் தனியே சிரித்துக்கொண்டேன்.

படிக்குமிடமும் தூரமில்லை. 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் வண்டலூரையடுத்த மேலக்கோட்டையூரில் உள்ளது. நம்மூரிலிருந்து செங்கற்பட்டு வழியாகப் போய்ச் சேரலாம். ஒரே ஆட்டத்தில் ஆழ்ந்து பயிற்சியாசிரியர் பட்டம் பெற விரும்புவோர்க்குப் பாட்டியாலாவில் 1961-இல் நிறுவப்பட்ட தேசிய விளையாட்டுக் கழகம் இருக்கிறது.

இவற்றையெல்லாம் அறிந்தபின் அவ்விளைஞனை என் இல்லத்துக்கு அழைத்துப் பேசினேன். "தம்பி, டென்னிஸை ஏன் பிடித்துக்கொண்டாய்? வாலிபாலானால் நம் பக்கத்தில் உன்னை மதிப்பார்களே" என்றேன்.

"வாலிபாலும் ஆடுவேன், பெரியப்பா. ஆனால் அதைச் சொல்லிக்கொடுக்க ஊருக்கு ஊர் ஆளிருக்கிறது. டென்னிஸை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவருமில்லை. கலாசாலை மைதானத்தில் வலை கட்டிப் பூட்டிவைத்திருப்பார்கள்; அதிகாரிகள் வந்தால் மட்டும் திறப்பார்கள். மூன்று வருஷமும் வெளியே நின்று பார்த்தேன். திறந்துவிடுகிறவனாக நான் இருக்கவேண்டும்" என்றான்.

அவன் குறிப்பிட்ட கலாசாலையின் பெயரை இங்கே எழுதுதல் முறையன்று.

ஆட்டம் எங்கே கற்றாய் என்று கேட்டதற்கு, சென்னையில் ஒரு கிளப்பில் தன் தாய்மாமன் களம் செப்பனிடும் வேலையிலிருப்பதாகவும், விடுமுறைதோறும் அங்கே சென்று, அங்கத்தினர் வருமுன் விடியற்காலையில் மாமனோடு அடித்துப் பழகியதாகவும் சொன்னான். மார்க்கர்களைப் பற்றி யான் மேலே எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேசாதிருந்து, "மாமாவுக்கும் இதைப் படித்துக் காட்டவேண்டும்" என்றான்.

என் அபிப்பிராயத்தைக் காரியதரிசிக்கு எழுத்து மூலமாகத் தெரிவித்துள்ளேன். மனுவை ஏற்றுக்கொள்ளலாம் என்பதும், டென்னிஸுடன் வேறிரண்டு ஆட்டங்களிலும் அவன் தேர்ச்சி பெறவேண்டுமென்பதும், தகுதித் தேர்வு எழுதும் வரையில் உதவியை இரண்டு தவணையாகக் கொடுக்கலாமென்பதும் அதன் சாரம். பெண் கொடுப்பார் யார் என்ற கேள்விக்கு என்னிடம் விடையில்லை. அது கல்வி நிதிக் குழுவின் அதிகாரத்துக்குட்பட்டதுமன்று. அடுத்த கூட்டத்தில் இம்மனு முதலாவதாக எடுத்துக்கொள்ளப்படும். ஆட்சேபமுடையோர் நேரில் வந்து சொல்லுமாறும், இயன்றால் அவ்விளைஞனின் முகத்தைப் பார்த்துச் சொல்லுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.